சேர்ந்து சாப்பிட ஒரு மானியம்

ஓய்வு பெற்ற பிறகு நான் முதலில் தெரிந்துகொண்டது, ஒரே ஒரு ஆளுக்குச் சாம்பார் வைக்க முடியாது என்பதைத்தான். பருப்பைக் குறைத்தால் புளி தூக்கிவிடும். புளியைக் குறைத்தால் சப்பென்று ஆகிவிடும். எப்படி வைத்தாலும் மறுநாள் மத்தியானத்துக்கும் மிஞ்சும். அம்மா இருந்தவரை இது தெரியவில்லை. அவள் கொறிக்கிற மாதிரிதான் சாப்பிடுவாள், ஆனாலும் எதிரே ஒரு தட்டு இருந்தது. அவள் போன அடுத்த வருஷம் எனக்கும் வேலை முடிந்தது.

திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கள் அக்ரஹாரத் தெருவில் பாதி வீடுகள் கைமாறிவிட்டன. எனக்கு ஒரு பக்கம் பல் டாக்டரின் கிளினிக், மறுபக்கம் பெண்கள் ஹாஸ்டல். தெருக்கோடியில் ஒரு மாமி, நடுவில் ஒரு மாமா, அப்புறம் நான். பழைய ஆட்களில் மிச்சம் அவ்வளவுதான், ஒவ்வொருவரும் தனித்தனிப் பூட்டுக்குள். ஆபீஸில் இருந்த காலம் முழுக்க மலையாளம் பேசினேன். தமிழ் என்பது அம்மாவோடு பேசியது. இப்போது சாயங்காலம் பெங்களூரிலிருந்து அக்கா போன் பண்ணும்போதுதான் அது வாயில் வரும். சில நாள் என் குரல் எனக்கே கரகரப்பாகக் கேட்கும். அன்றைக்கு நான் பேசுகிற முதல் பேச்சு அதுதான் என்று அப்போதுதான் உறைக்கும்.

அப்படி இருக்கையில் என் பழைய மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டார். அவரும் ஓய்வு பெற்றவர். ஊர்க்காரர்கள் குழுவாகச் சேர்ந்து தங்கள் இடத்தை மேம்படுத்திக்கொள்ள அரசாங்கம் கொடுக்கிற மானியங்கள் ஏன் பல இடங்களில் பயன்படாமலே போகின்றன, விதிகளில் எதை மாற்றலாம் என்று பார்க்க ஒரு சிறு குழு போட்டிருந்தார்கள். அவர் அதற்குத் தலைவர்.

"மேடத்தினு தமிழ் அறியாமல்லோ" என்றார். மேடத்துக்குத் தமிழ் தெரியுமே. மலைத்தோட்டங்களில் இருப்பவர்கள் தமிழர்கள், அங்கே போய்ப் பேசிக் கேட்டுவர ஒரு ஆள் வேண்டும் என்றார். அந்த மானியக் கோப்புகள் பல வருஷம் என் மேஜை வழியாகப் போனவை. எந்த ஊருக்கு எது போயிற்று என்று எனக்கு ஓரளவு ஞாபகம் இருந்தது. அந்த ஊர்களில் ஒன்றையும் பார்த்ததில்லை. சரி என்று சொன்னபோது அரசாங்கத்துக்கு உதவும் எண்ணம் பெரிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பேச ஆள் கிடைக்கும் என்றுதான் போனேன்.

போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். விதுரை தாண்டி, காட்டுச் சோதனைச்சாவடி தாண்டி, பஸ் முனகிக்கொண்டே ஏறியது. கொழுந்து பறிப்பு ஓய்ந்து நாளாகிவிட்ட தோட்டம் அது. கவாத்து இல்லாததால் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் மரமாக நின்றன. அவற்றைப் பார்த்து இது என்ன மரம் என்று கண்டக்டரிடம் கேட்டேன். "சாய தன்னே மேடம்" என்றார். தேயிலைதான்.

என்னை வரச்சொன்ன இடம் சமுதாயக் கூடம். எங்கள் மானியத்தில் கட்டியது. நல்ல கூடம், மேலே ஓடு, வாசலில் கல்வெட்டு. பூட்டியிருந்தது. சாவி கீழே டவுனில் ஒரு கமிட்டிக்காரரிடம் இருந்ததால் கூடத்தின் வராந்தாவிலேயே கூட்டம் நடந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தையல் மிஷின்கள் பிளாஸ்டிக் உறையோடு வரிசையாக இருந்தன. அதுவும் எங்கள் மானியம்தான்.

இருபது பேர் இருக்கலாம், அநேகமாக எல்லோரும் வயசானவர்கள். என் தமிழைக் கேட்டு முன்வரிசையில் ஒரு கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லுங்கோ, உங்களுக்கு என்ன வேணும்னு தோண்றது?" என்று கேட்டிருந்தேன். அவர்களுடையது திருநெல்வேலித் தமிழ், மலையாளம் ஊறியது. என்னுடையது அக்ரஹாரத் தெருத் தமிழ், அதிலும் மலையாளம் ஊறித்தான் இருந்தது. ஆனாலும் இரண்டும் ஒன்றையொன்று கண்டதில்லை. தமிழ் தெரிந்தவள் என்று என்னை அனுப்பியிருந்தார்கள். முதல் அரைமணி நேரம் நான் சொன்னதை நானே மறுபடி விளக்க வேண்டியிருந்தது.

ரோடு கேட்டார்கள். பட்டா கேட்டார்கள். பென்ஷன் நின்றுபோனதைச் சொன்னார்கள். யானை வருவதைச் சொன்னார்கள். ஒன்றும் எங்கள் மானியத்தில் வராது. எழுதிக்கொண்டேன். அப்போது மேல் லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு அம்மா, என் வயசு இருக்கும், சேலைமேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர் போட்டவர், "எங்களுக்கு ஒரு அடுப்பு வேணும் மேடம்" என்றார்.

"வீட்டுக்கு வீடு அடுப்பா?"

"வீட்டுக்கு வீடு இருக்கே. அதான் கேடு. எல்லாருக்கும் சேத்து ஒரு அடுப்பு."

கீழ் லயத்து அம்மா ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "நீ பொங்கி நாங்க திங்கணுமாக்கும்? ஒனக்கு ஒரு சம்பளம் வேணும், அதச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். மேல் லயத்து அம்மா அசரவில்லை. "சம்பளம் குடுத்தா வேண்டாம்பேனா? பொங்குறது சும்மாவா?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் பழைய பகை ஒன்று இருப்பது தெரிந்தது. கோயில்காரர், சர்ச்காரர் என்ற பகையா, தண்ணீர்க் குழாய்ப் பகையா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் மேல் லயத்து அம்மா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அடுக்கிய வீடுகள். ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. முன்பு ஒரு வீட்டில் ஆறேழு பேர் இருந்தார்களாம். இப்போது பிள்ளைகள் நெடுமங்காட்டிலும் திருப்பூரிலும் நாகர்கோவில் பக்கமும் வேலைக்குப் போய்விட்டார்கள். பல கதவுகளில் பூட்டு. திறந்திருந்தவற்றில் வீட்டுக்கு ஒருவர். வீட்டுக்காரர் இறந்தபின் இவரும் அப்படித்தான்.

கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார், பால் இல்லாத தேயிலைத் தண்ணீர். தொட்டுக்கொள்ள அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு.

"மத்தியானம் என்ன சமையல்?" என்று கேட்டேன்.

"இதான்."

"ராத்திரிக்கு?"

"இதுல மிஞ்சுனது." கொஞ்சம் வெட்கப்பட்டார். "அரிசி இருக்கு மேடம். ரேஷன்ல வருது. ஒத்த ஆளுக்கு ஒல வைக்க மனசு வரல. அதாக்கும் விசயம். இந்தக் கடேசி வீட்டுத் தாத்தா இருக்காரே, அவரு அரிசிய கோழிக்குப் போட்டுட்டு ரஸ்க்க நனச்சுத் தின்னுட்டுப் படுத்துருவாரு. எட்டிப் பாத்தா கதவச் சாத்திருவாரு."

முன்பு கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போக ஒரு கட்டடம் இருந்தது. அதைக் காட்டினார். குழந்தைகள் இல்லாமல் சும்மா கிடந்தது. கூரை நன்றாகவே இருந்தது. இங்கே ஒரு வேளை, மத்தியானம் மட்டும், எல்லோரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்றார். நான் கிழங்கைத் தின்றுகொண்டு தலையாட்டினேன். என் வீட்டுச் சாம்பார் நினைவு வந்தது. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். மேடம் என்று கூப்பிடுகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் குழு கூடியபோது நான் இதைச் சொன்னேன். கணக்கு அதிகாரி ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை. விதி தெரிந்தவர். சாப்பாட்டுக்கு மானியமா, ரேஷன் இருக்கிறதே என்றார். எங்கள் மானியம் கட்டடத்துக்குக் கொடுக்கும், மிஷினுக்குக் கொடுக்கும். கட்டியதைத் திறந்து வைக்கிற ஆளுக்குக் கொடுக்காது. கேஸ் சிலிண்டருக்குக் கொடுக்காது. அதோடு இடம் குழுவின் பேரில் இருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் யார் பேரில் எது இருக்கிறது? விண்ணப்பம் மலையாளத்தில், கம்ப்யூட்டரில். ஒவ்வொரு விதிக்கும் ஒரு நியாயம் இருந்தது, யாரோ எப்போதோ ஏமாற்றியதால் வந்த நியாயம். எல்லா நியாயமும் சேர்ந்தால் பூட்டிய கூடமும் உறை பிரிக்காத மிஷினும்தான் மிஞ்சும் என்று சொன்னேன். ஆபீஸில் இருந்த காலத்தில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்த அம்மாவையே வரச்சொல்லுங்கள். எல்லா மாவட்ட அதிகாரிகளும் வருகிற அமர்வில் பேசட்டும். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்" என்றார்.

மலையிலிருந்து காலையில் கிளம்பினால் அமர்வுக்கு வந்து சேர முடியாது. முந்தின நாளே வந்து என் வீட்டில் தங்குங்கள் என்று போனில் சொன்னேன்.

"ஒங்க வீட்டுலயா? அங்கல்லாம் எங்கள மாதிரி ஆளு..."

"நான் ஒருத்திதான் இருக்கேன். வாங்கோ."

சாயங்காலம் கரமனையில் பஸ் இறங்கும் இடத்தில் காத்திருந்தேன். அதே ஸ்வெட்டரோடு இறங்கினார். வேர்த்து ஊற்றியது, ஆனாலும் கழற்றவில்லை. கையில் ஒரு பையில் மலைப் பூசணி. தெருவில் நுழைந்தபோது கோடி வீட்டு மாமி வாசலுக்கு வந்துவிட்டார். "ஆருடி இது, வேலைக்கு ஆள் வெச்சுண்டுட்டியா?" என்று கேட்டார். "இல்லை மாமி, விருந்தாளி" என்றேன். மாமி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

அக்கா போன் வந்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க படுக்க வெக்கப் போறே?"

"அம்மா கட்டில் இருக்கே."

"பாத்து நடந்துக்கோ" என்று மட்டும் சொல்லி அக்கா போனை வைத்தாள். எதைப் பார்த்து என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

சமையலறை வாசலில் வந்து நின்று, "நான் உள்ள வரலாமா?" என்று கேட்டார். வரலாம் என்றேன். வந்த பிறகு சமையலறை அவருடையதாகிவிட்டது. பூசணியை அரிந்தார், கடுகு எங்கே என்று கேட்டார், என் கத்தியின் முனை மழுங்கியதைக் குறை சொன்னார். பருப்பு டப்பாவைப் பார்த்து, "இவ்வளவு கொஞ்சமாவா வாங்குவீங்க?" என்றார். எங்கள் வீட்டில் தேங்காயை வறுத்து அரைப்பது வழக்கம். அவர் பச்சையாக அரைத்துவிட்டார். கூட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

அம்மாவின் கட்டிலைக் காட்டினேன். மாட்டேன் என்றுவிட்டார். கூடத்தில் பாய் விரித்தார். நானும் என் அறைக்குப் போகாமல் அங்கேயே ஒரு பாயைப் போட்டுக்கொண்டேன். விளக்கை அணைத்த பிறகு, "அக்கா" என்றார். முதல் தடவையாக மேடம் இல்லை. "நீங்க ஏன் கல்யாணம் கட்டல?" என்று கேட்டார்.

"வந்தது சரிப்படலை. அப்புறம் அம்மாவுக்கு முடியாமப் போச்சு. அப்புறம் வரவும் இல்லை."

"எனக்கு வந்தது சரிப்பட்டுது. ஆனா சீக்கிரமே போய்ட்டாரு." புரண்டு படுத்து, "ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். அவர் குறட்டை விட்டார். வீட்டில் இன்னொருவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

மறுநாள் அமர்வு. நீள மேஜை, இரண்டு பேருக்கு ஒரு மைக், பிஸ்கட் தட்டு. நான் புதுப் பேனா எடுத்துப் போயிருந்தேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல எப்படி மலையாளத்தில் சொல்வது என்று காலையில் இட்லி வேகக் காத்திருந்த நேரத்தில்கூட வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். 'ஒத்த ஆளுக்கு ஒல வைக்க மனசு வரல' என்பதற்கு மட்டும் வார்த்தை சிக்கவில்லை.

தலைவர் பேசச் சொன்னார். நான் மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மேல் லயத்து அம்மா எழுந்து நின்று, அதை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மலையாளத்தில் ஆரம்பித்தார்.

"சாரே, ஞங்களுக்கு கெட்டிடம் வேண்டா. ஒருமிச்சிருந்நு ஊணு கழிக்கான் ஒரு ஸ்தலம் மதி." கட்டடம் வேண்டாம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் போதும் என்றார். தங்குதடையில்லாத மலையாளம். மலையில் பிறந்து மலையாளக் கடையில் சாமான் வாங்கி, மலையாள சூப்பர்வைசரிடம் வேலை செய்தவர். அது தெரியாமல் இருக்குமா? நானோ, அவரை அழைத்த குழுவோ, ஒரு தடவைகூட அவரிடம் கேட்கவில்லை.

கணக்கு அதிகாரி கேட்டார்: சமைப்பதில் சண்டை வந்தால் யார் பொறுப்பு?

"சண்டை வரும் சார்" என்றார் அவர், மலையாளத்தில்தான். "எனக்கும் கீழ் லயத்துக்காரிக்கும் இப்பவே சண்டைதான். வீட்டில் சண்டை வந்தால் அடுப்பை அணைத்துவிடுகிறோமா?"

மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு நிறையக் கேள்விகள் கேட்டார்கள், எல்லாம் அவரைப் பார்த்து. எத்தனை பேர் தொடர்ந்து வருவார்கள் என்று கேட்டதற்கு வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னார், இரண்டாவது தடவை வேறு எண்ணைச் சொன்னார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமர்வு நன்றாகப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்து, தின்னாமல் உடைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் விட்டபோது கேட்டேவிட்டேன். "மலையாளத்துல பேசப் போறேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். நீங்க காலைல தனியா உக்காந்து முணுமுணுத்துட்டு இருந்தீங்க. பாவமா இருந்துச்சு." அப்புறம் என் கையைப் பிடித்தார். "தப்பா எடுக்காதீங்கக்கா. நடுவுல ஒரு ஆளு நின்னா, அவுக ஒங்களத்தான் பாப்பாக. என்னப் பாக்க மாட்டாக."

பஸ் கிளம்பிப் போயிற்று. வீட்டுக்கு வந்து கூடத்துப் பாயைச் சுருட்டினேன். தேங்காயைப் பச்சையாக அரைத்த கூட்டு ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்தது. அதை மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

அறிக்கையின் ஒரு பகுதியை நான் எழுதினேன். கட்டடம் கட்டாத வேலைக்கு நிலப்பத்திரம் கேட்கக்கூடாது. ஆரம்பத்தில் நடைமுறைச் செலவுக்கும் சமைக்கிறவருக்கான கூலிக்கும் மானியத்தில் ஒரு பங்கு அனுமதிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் தங்கள் மொழியில் வாயால் சொன்னால், கேட்கிற அதிகாரி அதை எழுதி விண்ணப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். தலைவர் சில இடங்களில் மெருகேற்றினார். கணக்கு அதிகாரி ஒரு வரியில் 'தக்க கண்காணிப்புடன்' என்று சேர்த்தார். குழு கலைந்தது. கடைசி நாள் டீயும் பருப்புவடையும் கொடுத்தார்கள். எல்லோரும் போன் பண்ணுவதாகச் சொன்னோம்.

பிறகு மறுபடி மௌனம். மேல் லயத்து அம்மாவோடு இடையிடையே போனில் பேசுவேன். மலையில் சிக்னல் கிடைத்தால்தான். "வந்துச்சாக்கா?" என்று கேட்பார். "பரிசீலனைல இருக்கு" என்பேன். சொல்லும்போதே ஆபீஸில் எத்தனையோ பேரிடம் சொன்ன அதே குரலில் அது வரும். மழைக்காலம் வந்து போயிற்று. அப்புறம் பல நாள் கூப்பிட்டும் போன் அணைந்தே கிடந்தது. பிறகு புது எண்ணிலிருந்து அவரே கூப்பிட்டார். வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது, மகள் மார்த்தாண்டத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

"சீக்கிரம் திரும்பிருவேன்" என்றார். "மல ஏற முடிஞ்சா."

விதிகள் மாறிய செய்தி அதற்குப் பிறகு வந்தது. பழைய ஆபீஸ் சிநேகிதி சொன்னாள். நாங்கள் சொன்ன மூன்றில் இரண்டை எடுத்துக்கொண்டார்கள். வாயால் விண்ணப்பம் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். பரவாயில்லை, இரண்டு. அந்தத் தோட்டத்துக்கும் மானியம் வந்தது. இடையில் தேர்தல், அதிகாரி மாற்றம் என்று இழுத்து ஒருவழியாக வந்தது. அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய முறையும் இல்லை. நானாகவே ஒரு நாள் காலையில் பஸ் ஏறிப் போனேன்.

கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்தப் பழைய கட்டடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கரண்டியோடு திரும்பியவர் கீழ் லயத்து அம்மா. 'நீ பொங்கி நாங்க திங்கணுமா' என்று கேட்டவர். எனக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"வாங்க மேடம். அவ போய்ட்டா. யாராச்சும் செய்யணும்ல" என்றார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

நன்றாகவே செய்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். பெரிய பாத்திரத்தில் சோறு, புளிக்குழம்பு, கீரை. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் முதலில் தனித்தனி வரிசையில்தான் உட்கார்ந்தார்களாம். மழைச் சாரல் அடித்ததில் ஒரு மூலை நனைந்துபோக, வேறு வழியில்லாமல் கலந்து உட்கார்ந்தார்கள், அப்படியே ஆகிவிட்டது என்றார். கடைசி வீட்டுத் தாத்தாவும் வந்திருந்தார். யாரோடும் பேசாமல், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார். ஆனால் வந்திருந்தார்.

அங்கே ஒரே ஒரு நாற்காலி. அதை எனக்குப் போட்டார்கள். தரையில் உட்காருகிறேன் என்றேன், விடவில்லை. எனக்கு முதலில் பரிமாறினார்கள், அப்பளம் எனக்கு மட்டும். நான் வாயில் வைக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். "நன்னா இருக்கு" என்றேன். பிறகு ஒவ்வொருவராக ரோட்டைப் பற்றியும் பென்ஷனைப் பற்றியும் சொன்னார்கள். நான் இப்போது அதிகாரி இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி சொன்னார்கள். கை கழுவ வெளியே போனேன். நான் நகர்ந்ததும் உள்ளே சலசலவென்று பேச்சு கிளம்பிற்று. யாரோ எதையோ சொல்ல, கூரை அதிரச் சிரிப்பு. குழாயடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் திரும்பி வந்தபோது அது நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் விதுரையில் பஸ் மாற வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் நின்றே மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டேன்.

"அடுப்பு எரியறது" என்றேன். "நேர்ல பார்த்துட்டுத்தான் வரேன்."

"ஆரு பொங்குறா?"

சொன்னேன்.

"அவளா!" என்றார். "அவ கைல உப்பு நிக்காதே. கொழம்பு கரிச்சுச்சா?"

"இல்லை. நன்னாத்தான் இருந்தது."

"ம்" என்றார். "தாத்தா வந்தாரா?"

"வந்தார். சாப்பிட்டார்."

"ரஸ்க்கு?"

"சோறு. ரெண்டாவது தரம் வாங்கிண்டார்."

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதைத் தள்ளிவிட்டு, மகள் வீட்டைப் பற்றிச் சொன்னார். கேஸ் அடுப்பு, மிக்ஸி, ஃப்ரிட்ஜ், எல்லாம் உண்டு. மகளும் மருமகனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பேத்தி பள்ளிக்கூடம். எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் போகிறாள், நல்ல பிள்ளை. மத்தியானம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிடுகிறாராம்.

"பக்கத்துலயும் நம்ம மாதிரி ரெண்டு மூணு பேரு இருக்காக அக்கா. அந்த மானியம் இங்க கெடைக்குமா?"

"அது தமிழ்நாடு. வேற கவர்மென்ட். அங்க விதி எல்லாம் எப்படின்னு எனக்குத் தெரியாது."

"ஓ" என்றார். பிறகு சிரித்தார். "அப்ப இங்க வேற ஒரு மேடத்தப் பிடிக்கணும்."

நானும் சிரித்தேன். அதற்குள் திருவனந்தபுரம் பஸ் வந்துவிட்டது, கண்டக்டர் அவசரப்படுத்தினார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி ஏறினேன். கூட்டமில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டேன். நெடுமங்காடு வரும்வரை அதை எடுக்கச் சொல்லி யாரும் வரவில்லை.